இரண்டாவது பிரேக்

தூக்கத்தில் பிரேக் போடுகிற மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டிரைவிங் மாஸ்டரின் மனைவிக்கு அது பழகிப்போயிருந்தது. விடியப்போகிற நேரத்தில், கனவுக்குள் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு மாணவர் வளைவில் வண்டியை ஒடிக்க மறந்துபோவார். மாஸ்டரின் கால் போர்வைக்குள் விசுக்கென்று நீளும். அது போய் அழுத்துவது மனைவியின் கெண்டைக்காலை.

“வண்டி நின்னாச்சு. காலை எடுங்க,” என்பாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அவரும் கண்ணைத் திறக்காமலே எடுப்பார். கனவில் அந்தத் தெரு அப்படியே நின்றுகொண்டிருக்கும். எரிகிற விளக்குக் கம்பங்கள், மூடிய கடைகள், நடுரோட்டில் அசையாமல் ஒரு வெள்ளைக் கார். யாரையோ காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மாஸ்டர் மறுபடி தூங்கிப்போவார்.

அந்தக் காலைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சநஞ்சமில்லை. பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், மாஸ்டர் பக்கம் இன்னொரு பிரேக். இரண்டையும் அடியில் ஒரு கம்பி இணைக்கிறது. யார் மிதித்தாலும் இரண்டு பெடலும் சேர்ந்தே இறங்கும், வண்டி நிற்கும். மாஸ்டரின் கால் தன் பெடலுக்கு மேலே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். எத்தனை நாய்க்குட்டிகள், எத்தனை சைக்கிள்காரர்கள், எத்தனை காம்பவுண்டுச் சுவர்கள் இந்தக் காலால் பிழைத்தன என்று அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்குக் கால் மரத்துப்போகும்.

டிரைவிங் ஸ்கூல் என்பது தையல் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒற்றை அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சாவி மாட்ட ஒரு ஆணி. முதலாளி வேறு யாருமில்லை, மாஸ்டர் மனைவியின் அண்ணன், ஆகவே மச்சான். மாஸ்டருக்கு ‘ஜோசியர்’ என்று பெயர் வைத்தது அந்த மச்சான்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்றாவது பாடம் முடிந்ததும் மாஸ்டர் உள்ளே வந்து, சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே மறு கையால் விரல்களைத் தூக்கிக் காட்டுவார். ஒரு விரல் என்றால் முதல் டெஸ்டிலேயே தேறிவிடுவார். மூன்று விரல் என்றால் மூன்றாவது தடவைதான். இதுவரை அது தப்பியதில்லை.

“எங்க மாப்ள ஆளைப் பார்த்தே எடை போட்டுடுவார்,” என்று மச்சான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார்.

திறமையை மாஸ்டர் காலால் அளந்தார். ஒரு சுற்றில் தன் கால் எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆர்வத்தைக் கண்ணால் அளந்தார். முன்னால் சாய்ந்து உட்கார்கிறவர், கேள்வி கேட்கிறவர், சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறவர் எல்லாம் ஆர்வமுள்ளவர்கள். மற்றவர்கள் பொழுதுபோகாமல் வந்தவர்கள். சொந்த மனைவிக்கே ஒரு காலத்தில் சொல்லிக்கொடுக்கப் பார்த்து, பாதியில் கைவிட்ட நேர்மையாளர் அவர். “ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே இவளுக்குத் தூக்கம் வந்துடும். வராதவங்களுக்கு வராது, அவ்வளவுதான்,” என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். மனைவியும் கூடவே சிரித்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பனிக்காலம் தொடங்கிய வாரத்தில் நர்ஸ் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நிரந்தரமாக இரவு டியூட்டி. முடிந்த கையோடு, பின்வாசலில், கைப்பையை மார்போடு அணைத்தபடி வண்டிக்குக் காத்து நிற்பாள். மாஸ்டர் இறங்கி இடம் மாறி உட்காருவார். அவள் சீட்டை இழுத்துச் சரிசெய்வாள், கண்ணாடியைத் திருப்புவாள், பிறகு தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி விடுவாள்.

மாஸ்டருக்கு அந்தக் கொட்டாவியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இரவெல்லாம் விழித்தவள், அது சரி. ஆனால் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் கொட்டாவி, சந்திப்பில் நின்றால் கொட்டாவி, லாரி ஒன்று எதிரே வந்தால் அதற்கும் கொட்டாவி. நிற்கிற இடத்திலெல்லாம் கழுத்தை வளைத்து வானத்தை வேறு பார்ப்பாள். ஒரு கேள்வி கிடையாது. எதைச் சொன்னாலும் “சரி மாஸ்டர்.” அவ்வளவுதான். அவர் மனதுக்குள் அவளுக்கு ‘மேகம்’ என்று பெயர் வைத்தார். மூன்றாம் பாடம் முடிந்த அன்று சாவியை மாட்டிவிட்டு நான்கு விரல்களைக் காட்டினார்.

“நாலா?” என்றார் மச்சான்.

“நாலே ஜாஸ்தி. கால் வரல, அது போகட்டும். மனசும் வரலையே. வண்டிக்குள்ள உட்கார்ந்துகிட்டு ஆகாசத்துல மிதக்குறாங்க.”

ஒரு நாள் மதியம் நர்ஸ் டிரைவிங் ஸ்கூலுக்கே நேரில் வந்தாள். தூங்க வேண்டிய நேரத்தில் எழுந்து வந்திருந்ததால் கண்கள் சிவந்திருந்தன. வரும் வெள்ளிக்கிழமை டெஸ்டுக்குத் தன்னை அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

மச்சான் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மேஜையின் மேலிருந்த பேனாவைப் பார்த்தார்.

“என்ன அவசரம் சிஸ்டர்? நிதானமா பண்ணலாமே. அடுத்த டெஸ்ட் மூணு மாசத்துல வருது,” என்றார் மாஸ்டர்.

“மூணு மாசம் அவங்க காத்திருக்க மாட்டாங்க மாஸ்டர்.” அவள் உட்காராமலே பேசினாள். “வீடு வீடா போய் நோயாளிங்களைப் பார்க்கிற வேலை ஒண்ணு காலியாகுது. பகல் வேலை. வண்டி ஓட்டத் தெரியணும், லைசென்ஸ் இருக்கணும், இந்த மாசக் கடைசிக்குள்ள. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“நைட் டியூட்டி அவ்வளவு கஷ்டமா?” என்று மச்சான் சும்மா கேட்டுவைத்தார்.

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள். “எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அஞ்சு வயசு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளோட அம்மா அப்பா விளையாட்டு விளையாடுவா. போன வாரம் இவளுக்கு அம்மா வேஷம் கொடுத்தாங்க. இவ என்ன பண்ணா தெரியுமா? தரையில படுத்து, போர்வையை இழுத்து மூடி, கண்ணை மூடிக்கிட்டா. மத்தவங்க எழுப்பினா, ‘ஷ், அம்மா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க’ன்னு சொல்றா. விளையாட்டு முடியுற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.”

தையல் கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டருக்கும் மனசு என்னவோ செய்தது, ஆனால் அவர் தொழிலில் கறாரானவர். இரக்கப்பட்டு அனுப்பி, அவள் போய் யார்மேலாவது ஏற்றினால் யார் பதில் சொல்வது?

“புதன்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றார். அவர் ‘பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம். அது மச்சானுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவள் குடையை மறந்துவிட்டுப் போனதில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை உலகமே இல்லை, பனிதான் இருந்தது. தெரு எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வண்டி போகப் போகத்தான் மரங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து வந்தன, தாண்டியதும் கரைந்துபோயின. விளக்குக் கம்பங்கள் மஞ்சளாக ஏதோ யோசித்துக்கொண்டு நின்றன. மாஸ்டருக்குத் தான் விழித்திருக்கிறோமா, போர்வைக்குள் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது. கால் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வளைவில் இறங்கியது, சந்திப்பில் இறங்கியது. ஒரு பால் வண்டி பனிக்குள்ளிருந்து பின்பக்கமாகவே வெளியே வந்தபோது, தொடை வரை பலம் கொடுத்து இறங்கியது. கார் ஒரு குலுக்கல் இல்லாமல், காற்று நின்றதும் இலை நிற்பதுபோல நின்றது.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு மெத்தென்று தான் பிரேக் போட்டதில்லை என்று மாஸ்டருக்கே தோன்றியது.

“பார்த்தீங்களா சிஸ்டர்? நான் மட்டும் இல்லன்னா?”

அவள் திரும்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சிரித்துவிட்டு, கொட்டாவி விட்டாள். “சரி மாஸ்டர்.”

அன்று சாயங்காலம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் கீழே படுத்திருந்தான். அவன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“மாஸ்டர், உங்க பக்கத்துப் பெடலை இன்னைக்கு மாட்டிக் கொடுத்துடறேன்.”

“மாட்டிக் கொடுக்கிறியா? என்னத்தை?”

“கம்பிதான். தேஞ்சு போயிருந்ததுன்னு நேத்து சாயங்காலம் கழட்டினேனே. பெடல் ஆடாம இருக்க ஸ்பிரிங் மட்டும் போட்டு வச்சேன். புதுக் கம்பி வர்ற வரைக்கும் யாரும் வண்டியை எடுக்க வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா?”

முதலாளி சொல்லவில்லை. போனில் கேட்டபோது, “அடடா மாப்ள, நாக்கு நுனியில இருந்துச்சு, மறந்தே போச்சு,” என்றார் மச்சான். மாஸ்டருக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் காரில் ஏறி, தன் பக்கத்தில் உட்கார்ந்து, பெடலை மிதித்துப் பார்த்தார். கீழே போனது. மேலே வந்தது. அந்தப் பக்கத்துப் பெடல் அசையவே இல்லை. மறுபடி மிதித்தார். காலையிலிருந்து அவர் மிதித்ததெல்லாம் வெறும் ஸ்பிரிங்கை. அப்படியானால் வளைவில் யார் நிறுத்தியது? சந்திப்பில்? பால் வண்டிக்கு முன்னால் அந்த இலைபோல?

வீட்டுக்கு நடந்தே போனார். கடைகளில் விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில், வரிசையில், ஒரு பழைய மாணவன் நின்றிருந்தான். செல்போன் கடையில் விற்பனையாளன். மாஸ்டர் சந்தோஷமாக ஒரே ஒரு விரல் காட்டிய ஆள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டவன். ஆர்வம் என்றால் இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மற்ற மாணவர்களிடம் அவர் சொல்லியிருக்கிறார்.

“என்ன தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிறீங்க? வண்டி?”

“அதெல்லாம் எடுக்கிறதே இல்ல மாஸ்டர். அப்பா சொன்னாரு, வந்து கத்துக்கிட்டேன். எனக்கு வண்டின்னாலே ஆகாது.”

“அவ்வளவு கேள்வி கேட்டீங்களே?”

அவன் கூச்சத்தோடு சிரித்தான். “கேள்வி கேட்டா நீங்க ஓரமா நிறுத்தச் சொல்லி விளக்குவீங்க. நீங்க விளக்குற நேரம் ஓட்ட வேண்டாம்ல.”

பஸ் வந்தது, அவன் ஏறிப் போனான். மாஸ்டர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். தான் சொன்ன ஜோசியமெல்லாம் ஏன் பலித்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தேறுவான் என்று முடிவுகட்டியவனிடம் காலை எடுத்துக்கொண்டார். அவன் தானே நிறுத்தப் பழகினான், தேறினான். தேறாது என்று முடிவுகட்டியவர்களுக்கு, அவர்கள் கால் பெடலுக்குப் போய்ச் சேருவதற்குள் தானே மிதித்தார். அவர்கள் கடைசிவரை பழகவில்லை. ஆளை எங்கே எடை போட்டார்? தட்டில் தன் காலையே வைத்து அழுத்திக்கொண்டல்லவா இருந்தார்.

அன்று இரவு போர்வைக்குள் எதுவும் நடக்கவில்லை. காலையில் மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“உடம்புக்கு என்னங்க? நீங்க உதைக்கவே இல்ல.”

புதன்கிழமையும் பனிதான். நர்ஸ் ஏறி உட்கார்ந்து சீட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் கேட்டார். “சிஸ்டர், நேத்து வண்டி எப்படி இருந்துச்சு?”

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். “நேத்துதான் மாஸ்டர் எனக்குப் பிரேக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. எப்பவும் நான் காலை வைக்கிறதுக்குள்ள அது கீழ போயிடும். மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாம போற மாதிரி இருக்கும். இந்த வண்டியே அப்படித்தான் போலன்னு நெனச்சிருந்தேன். நேத்து கால் வச்ச இடத்துல அது இருந்துச்சு. என்னை நம்பி விட்டுட்டீங்கன்னு சந்தோஷப்பட்டேன்.”

“அப்புறம் நான் ‘நான் மட்டும் இல்லன்னா’ன்னு சொன்னேனே?”

“கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன்.”

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் மேலே தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொந்தி கொஞ்சம் தகராறு செய்தது. பந்தியில் உட்கார்ந்தவர்போல ஆகிவிட்டார்.

“போங்க,” என்றார்.

அவள் அவர் கால்களைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். பிறகு தாடை கழன்றுவிடும்போல அந்தக் கொட்டாவி.

“ஒண்ணு கேட்கணும் சிஸ்டர். ராத்திரி தூக்கமில்லாததாலதானே இது?”

“எது, கொட்டாவியா? இல்ல மாஸ்டர். பயந்தா எனக்குக் கொட்டாவி வரும். சின்ன வயசுலேர்ந்தே. நர்ஸிங் பரீட்சை எழுதும்போது வந்துச்சு. முதல் முதல்ல ஊசி போடும்போது அந்த நோயாளி, ‘உனக்குத் தூக்கம் வந்தா வேற ஆளைக் கூப்பிடும்மா’ன்னு சொன்னாரு.” அவள் கியரைப் போட்டாள். “வானத்தைப் பார்க்கிறதும் அதுக்குத்தான். கொஞ்சம் மேல பார்த்தா நெஞ்சு அடங்கும்.”

கார் நகர்ந்தது.

அந்தக் காலைப்பொழுதை மாஸ்டர் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தார். கால் சும்மா இருந்ததால் கண்ணுக்கு வேலை வந்தது. இந்தத் தெருக்களில் எத்தனை ஜன்னல்கள் என்று அவர் அன்றுதான் கண்டார். ஒரு ஜன்னலில் யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஆறு இல்லை, வெள்ளையாக ஒரு மௌனம்தான் இருந்தது. கார் மிதந்துகொண்டு போனது. பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு சைக்கிள் பனியைக் கிழித்துக்கொண்டு குறுக்கே வந்தது. மாஸ்டர் அதைப் பார்ப்பதற்கு முன்பே வண்டி வேகம் குறைந்து, வழிவிட்டு, நின்றிருந்தது. சைக்கிள்காரர் தனக்கு என்ன நேரவிருந்தது என்று தெரியாமலே மணியடித்துக்கொண்டு போனார். மாஸ்டரின் வலது கால் சம்மணத்துக்குள் ஒருமுறை துடித்து அடங்கியது. கண் ஓரம் ஈரமாவதை அவர் பனிமேல் பழிபோட்டார்.

“வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு வந்துடுங்க,” என்றார் இறங்கும்போது.

அவள் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா, கொட்டாவி விடுகிறாளா என்று தெரியவில்லை.

வண்டி ஓட்டும் டெஸ்ட் எடுக்கிற அதிகாரியைச் சனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெறப்போகிற வயது, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ, சிரித்தால் அபராதம் என்பதுபோல ஒரு வாய். மெக்கானிக் புதுக் கம்பியை மாட்டியிருந்தான். இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கிளம்பும்முன் நர்ஸ் கொட்டாவி விட்டதை மாஸ்டர் அலுவலக வாசலிலிருந்து பார்த்தார். அவருக்கு இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. பயந்துகொண்டே போகிற ஒருத்தி. பயந்துகொண்டே தினமும் விடியற்காலையில் வந்து நின்ற ஒருத்தி. இதைவிட ஆர்வம் என்று எதைச் சொல்வது?

கார் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. திரும்பி வர வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. வந்து நின்றதும் இன்ஸ்பெக்டர் இறங்கி, தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில்.

“ஒரு பூனை குறுக்கே வந்தது. நான் பிரேக் போட வேண்டியதாப்போச்சு. மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க.”

“நான் போட்டேன் சார்,” என்றாள் நர்ஸ். “நான்தான் சார் போட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மிதிச்சது என் கால், எனக்குத் தெரியாதா? கொட்டாவி வேற. சிரத்தையே இல்லை.”

நர்ஸ் மாஸ்டரைப் பார்த்தாள். போன வாரம் வரை இதே வார்த்தைகளை இதே தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தவர் மாஸ்டர். இன்ஸ்பெக்டர் பொய் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மிதித்ததாக மனதார நம்புகிறார். அங்கேதான் சிக்கல். இரண்டு பெடலும் ஒன்றாக இறங்கினால் யார் மிதித்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

“சார், ஒரு நிமிஷம். இப்படித் தனியா வாங்க,” என்று மாஸ்டர் அவரை வேப்பமர நிழலுக்கு அழைத்துப் போனார். அங்கே தன் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கம்பி இல்லாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தான் ஸ்பிரிங்கை மிதித்தது, அவளிடம் பெருமையடித்துக்கொண்டது, இத்தனை வருஷம் விரல் காட்டியது, எதையும் விடவில்லை.

இன்ஸ்பெக்டரின் வாய் அசையவில்லை. “அது உங்க கதை. எனக்கு எதுக்குச் சொல்றீங்க?”

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதீங்க சார். வீட்டுல, விடியற நேரத்துல, தூக்கத்துல உங்க கால் எதையாவது…”

இன்ஸ்பெக்டர் சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

“யார் சொன்னது உங்ககிட்ட?”

“யாரும் சொல்லல சார். எனக்கும் அப்படித்தான்.”

இன்ஸ்பெக்டர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் வீட்டுக்காரி நடுவுல தலகாணி வச்சுப் படுக்கிறா,” என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு தொண்டையைச் செருமினார். “ஒரே ஒரு சுற்று. எப்படி உட்காரணும்?”

கார் மறுபடி தெருக்கோடியில் மறைந்தது. மாஸ்டர் வாசலில் நின்றார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் மெல்லத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மனதுக்குள் ஒவ்வொரு வளைவாக அவளோடு கூடவே போனார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். அப்படி வைத்திருப்பது மிதிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தெருக்கோடியில் வெள்ளைக் கார் தெரிந்தது. நிதானமாக வந்தது, வாசலில் திரும்பியது, கோட்டுக்குள் வந்து இலைபோல நின்றது. உள்ளே பிரேக் இன்ஸ்பெக்டர், பளபளக்கிற ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மாஸ்டரைப் பார்த்து அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நர்ஸ் ஸ்டியரிங்கை விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் இனி அம்மா வேஷத்தில் என்ன செய்வாளோ தெரியாது. நிச்சயம் படுத்திருக்க மாட்டாள்.

மாஸ்டர் மதியமே வண்டியோடு வீட்டுக்குப் போனார். மனைவி கைகழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். தலையணைக் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொட்டாவிக் கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“வண்டி வாசல்ல நிக்குது. நான் பின்சீட்டுல உட்கார்ந்துக்கிறேன். அங்கேர்ந்து எதுவும் எட்டாது.”

அவள் சாவியைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். மறுபடி சாவியைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, தாடை கழன்றுவிடும்போல, நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

மாஸ்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ நின்றுபோனது. இந்தக் கொட்டாவியை அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அதே வாசலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபோதெல்லாம் அவள் விட்ட கொட்டாவி. விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தது.

“தூக்கமா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றாள் அவள். “அப்பவும் இல்ல.”

சாவியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.